பெரிய கம்பெனி ஆனது ஒரு குத்தமா? ரங்கூன்ல இருந்து ஒரு நீளமான பதில்

தம்பி, நீ கேட்டதை முதல்ல சுருக்கமா எழுதிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. "கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள், அமேசான் எல்லாம் நல்ல சரக்கைக் குடுத்தாங்க, ஜனங்களாப் பார்த்துப் போய்ச் சேர்ந்தாங்க, யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளல, பாதிக்குப் பாதி இலவசம் வேற, அப்புறம் ஏகபோகம் ஏகபோகம்னு திட்டுறது என்ன நியாயம், ஜெயிச்சவனைப் பார்த்து வர்ற வயித்தெரிச்சல் தானே அது"ன்னு கேட்டிருக்க. கடைசியா "அப்படி அவங்க தப்புன்னா நான் என் கடை பேஜை மூடிடணுமாண்ணே"ன்னும் கேட்டிருக்க. அந்த ரெண்டாவதுக்கு கடைசியில வர்றேன், முதல் கேள்வி பெருசு.

நான் ரங்கூன் டவுன்ல 2009ல இருந்து செல்ஃபோன் கடை வெச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் ரிப்பேர். நான் கடை போட்டப்போ நாட்டுக்கே ஒரே ஃபோன் கம்பெனி தான், எம்பிடி, அரசாங்கத்துது, ஒரு சிம் கார்டு பத்து லட்சம் கியாட்டை (கியாட்ங்கிறது பர்மா காசு) தாண்டி வித்த காலம் அது. பொண்ணுக்கு நகை போடுறதா சிம் வாங்குறதான்னு உக்காந்து கணக்குப் போட்ட வீடு எனக்கே தெரியும். 2013 ஏப்ரல்ல 1500 கியாட்டுக்கு சிம் தர்றோம்னு சொன்னாங்க, அதுவும் குலுக்கல்ல பேர் விழுந்தாத்தான் கிடைக்கும். அடுத்த வருஷம் 2014 ஆகஸ்ட்ல கத்தார்க்காரங்க ஊரிடூ வந்தாங்க, செப்டம்பர்ல நார்வேக்காரங்க டெலினார் வந்தாங்க, விலை அதே 1500 தான் ஆனா குலுக்கல் கிடையாது, வேணும்ங்கிறவன் வந்து வாங்கிக்கலாம். என் கடை வாசல்ல ஒரு பாட்டி சிம்மை வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு, இதுக்கா என் மகன் ரெண்டு வருஷம் காசு சேர்த்தான்னு கேட்டது இன்னும் காதுல இருக்கு. போட்டின்னு ஒண்ணு வந்தா என்ன நடக்கும், வராட்டி என்ன நடக்கும், ரெண்டையும் நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி இருந்து பார்த்தவன், அதனால தான் இந்த விஷயத்துல எனக்கு இவ்வளவு அக்கறை.

இப்ப உன் கேள்வி. பெருசா வளர்ந்தது குத்தமில்ல, அதுல உன் பக்கம் தான் நான். அமெரிக்கச் சட்டமே அதைக் குத்தம்னு சொல்லல, 1890ல இருந்து இருக்கிற, ஏகபோகத்தைத் தடுக்கிற ஷெர்மன் சட்டத்துல கூட நல்ல சரக்கு வித்து பெரிய ஆளானா தண்டனை கிடையாது, பெரிய ஆளா ஆனதுக்கு அப்புறம் அடுத்தவன் உள்ள வர்ற வழியை அடைச்சா தான் வழக்கு. 2024 ஆகஸ்ட் 5ல நீதிபதி அமித் மேத்தா கூகுள் வழக்குல தீர்ப்பு சொன்னப்போ கூகுளோட சர்ச் தரமானதுன்னு அவரே ஒத்துக்கிட்டார், நல்ல இன்ஜினியர்களை வெச்சு உழைச்சு தான் செஞ்சாங்கன்னும் சொன்னார், சொல்லிட்டு அந்த இடத்தைத் தக்க வெச்சுக்க சட்டவிரோதமா நடந்துக்கிட்டாங்கன்னும் சொன்னார். ரெண்டும் ஒரே தீர்ப்புல இருக்கு. நம்ம ஆளுங்க இதுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு சண்டை போடுறாங்க.

அந்த வழக்குல என்ன வெளிய வந்துச்சுன்னா, ஃபோன்லயும் பிரவுசர்லயும் கூகுள் தான் முதல்ல வரணும்னு, அதாவது டீஃபால்ட்டா இருக்கணும்னு, 2021ல மட்டும் 2630 கோடி டாலர் குடுத்திருக்காங்க. ஆப்பிளுக்கு மட்டும் 2022ல 2000 கோடி டாலர். நல்ல சரக்குன்னா ஜனம் தானா தேடி வருமே, எதுக்கு இவ்வளவு காசுன்னு நீ கேக்கலாம், அதுக்குப் பதில் என் கடை மேசையில இருக்கு. ஒருத்தர் புது ஃபோன் வாங்குறார்னு வெச்சுக்க, கவரைப் பிரிச்சு, சிம் போட்டு, ஆன் பண்ணி அவர் கையில குடுக்கிறது நாங்க தான், அடுத்து அடுத்து அடுத்துன்னு அமுக்கிக்கிட்டே போவோம், பத்து பதினஞ்சு வருஷத்துல எத்தனை ஆயிரம் ஃபோன்ல அமுக்கியிருப்பேன்னு தெரியல, அதுல "இந்தத் தேடுற கட்டத்தை வேற கம்பெனிக்கு மாத்திக் குடுங்க"ன்னு கேட்டவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். முதல் திரையில எது இருக்கோ அது தான் ஆயுசுக்கும் இருக்கும். அதுக்குத் தான் அந்தக் காசு. வேற ஒருத்தன் இதைவிட நல்லதா ஒண்ணு செஞ்சாலும் அவன் அந்தத் திரைக்கே வர முடியாது, வராட்டி ஆளுங்க தேட மாட்டாங்க, தேடாட்டி எப்படித் தேடுறாங்கங்கிற விவரம் அவனுக்குக் கிடைக்காது, கிடைக்காட்டி அவன் சரக்கு நல்லா ஆகாது, அப்புறம் "பாரு அவன் சரக்கு மட்டம்"னு நாமளே சொல்லிடுவோம். 2025 செப்டம்பர்ல அதே நீதிபதி கூகுளோட குரோம் பிரவுசரை விக்கச் சொல்லல, ஆனா வேற யாரையும் வெக்காதேன்னு கட்டிப்போடுற ஒப்பந்தம் இனி கூடாதுன்னுட்டார், தேடல் விவரத்துல கொஞ்சத்தைப் போட்டிக்காரங்களுக்குக் குடுக்கணும்னும் சொன்னார். எனக்கு அது போதுமானதாப் படல. காசு குடுக்கிறதை அவர் நிறுத்தல, என் கடையில வர்ற ஃபோன்ல இன்னைக்கும் அதே கட்டம் தான்.

இது புது வித்தையும் இல்ல. நம்ம தாத்தா பாட்டன் காலத்துல மதராஸ்ல இருந்து ரங்கூனுக்கு ஆளை ஏத்திக்கிட்டு வந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, அவங்களும் மத்த வெள்ளைக்கார கப்பல் கம்பெனிங்களும் கூட்டா சேர்ந்து சரக்கு அனுப்புற வியாபாரிக்கு ஒரு ஏற்பாடு வெச்சிருந்தாங்க, நீ குடுத்த கூலியில ஒரு பங்கைத் திருப்பித் தர்றோம், ஆனா இப்ப இல்ல, பல மாசம் கழிச்சு, அதுக்குள்ள ஒரு மூட்டை கூட வேற கப்பல்ல ஏத்தியிருக்கக் கூடாது, ஏத்தினா பழைய பாக்கி எல்லாம் போச்சு. பார்க்கத் தள்ளுபடி மாதிரி இருக்கும். வியாபாரி சந்தோஷமா தான் வாங்குவார். ஆனா புதுசா ஒருத்தன் கப்பல் விட்டா யாரும் ஏற மாட்டாங்க, வியாபாரிங்க காசு தான் இந்தப் பழைய கம்பெனிங்க கையில மாட்டியிருக்கே. இதுக்கு எதிரா இந்தியாவுல அந்தக் காலத்துலயே சட்டசபை வரைக்கும் சண்டை போட்டாங்க.

இலவசம்னு சொன்னியே, அதுக்கு நம்ம தமிழன் ஒவ்வொருத்தனுக்கும் தெரிஞ்ச கதை இருக்கே. வ.உ.சி. 1906ல தூத்துக்குடியில சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கி கொழும்புக்குக் கப்பல் விட்டப்போ, இதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரன் என்ன பண்ணான், டிக்கெட்டை ஒரு ரூபாயா குறைச்சான், இவங்க அரை ரூபான்னாங்க, உடனே அவன் டிக்கெட்டே வேண்டாம் சும்மா வா, வந்தா ஒரு குடையும் தர்றேன்னான். அந்தக் குடையை வாங்கினவனை நாம தப்பு சொல்ல முடியுமா, கூலிக்காரன், கையில காசு இல்ல, மழைக்கு ஒரு குடை சும்மா கிடைக்குது, வாங்கத்தான் செய்வான். ஆனா அந்தக் குடைக்கு யார் காசு குடுத்தாங்க? வேற வழித்தடத்துல போட்டியே இல்லாம ஏறி இறங்குன நம்ம ரங்கூன் பயணியும் தான் குடுத்திருப்பான். ஒரு இடத்துல ஏகபோகமா சம்பாதிச்ச லாபத்தை வெச்சு இன்னொரு இடத்துல நஷ்டத்துக்கு ஓட்டி எதிராளியை முடிக்கிறது, அவன் போனதுக்கு அப்புறம் விலையை ஏத்துறது. வ.உ.சி. 1908ல ஜெயிலுக்குப் போனார், 1911க்குள்ள கம்பெனி கலைஞ்சு போச்சு. இந்தப் பக்கம் மோல்மேன்ல ஊ நா அவுக்னு மோன் இனத்து முதலாளி ஒருத்தர் படகு சர்வீஸ் விட்டப்போ வெள்ளைக்காரங்களோட படகு கம்பெனியான ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி அவரையும் இதே மாதிரி கட்டணத்தைக் குறைச்சுக் குறைச்சே நொடிக்க வெச்சதா பர்மாக்காரங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. நம்ம ஆளும் அவங்க ஆளும் ஒரே விதமா அடிபட்டிருக்கோம்.

இப்ப அந்த வித்தைக்குக் குடை கூடத் தேவையில்ல, எதிராளியை விலைக்கே வாங்கிடலாம். ஃபேஸ்புக் 2012ல இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குச்சு, 2014ல வாட்ஸ்அப்பை 1900 கோடிக்கு. ஃபேஸ்புக் முதலாளி சக்கர்பெர்க் 2008லயே ஒரு மெயில்ல போட்டி போடுறதைவிட வாங்கிடுறது மேல்னு எழுதியிருந்தார், அமெரிக்க அரசாங்கம் அதை வழக்குல காட்டுச்சு. ஆனா உனக்கு முழுசாச் சொல்லணும், அந்த வழக்குல அரசாங்கம் தோத்துப் போச்சு. 2025 நவம்பர்ல நீதிபதி போஸ்பெர்க், இன்னைக்கு டிக்டாக் யூடியூப் எல்லாம் இருக்கிறப்போ மெட்டாவை, அதாவது ஃபேஸ்புக் கம்பெனியை, ஏகபோகம்னு சொல்ல முடியாதுன்னுட்டார். அமெரிக்காவுல உக்காந்து பார்த்தா அது சரியா இருக்கலாம். எங்க ஊர்ல இருந்து பார்த்தா வேற மாதிரி இருக்கும், அதை அப்புறம் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி நம்மளைப் பத்தியே ஒண்ணு சொல்லணும், இதை எழுதாம அடுத்தவனைக் குறை சொன்னா நேர்மையா இருக்காது. என் தாத்தாவோட அப்பா மொகல் தெருவுல ஒரு செட்டியார் கிட்டங்கியில, அதாவது வட்டிக்கடையில, பெட்டியடிப் பையனா சேர்ந்தவர், அப்புறம் ஏஜெண்டுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தார். நகரத்தார், அதாவது இந்தச் செட்டியார்கள், இல்லாட்டி கீழ் பர்மா நெல்லு வயலா ஆகியிருக்காது, அது சத்தியம். வெள்ளைக்கார பேங்கு எவனும் சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, கடன் குடுக்க மாட்டான், காட்டை வெட்டி வயலாக்குறவனுக்கு நம்பிக் காசு குடுத்தது செட்டியார் தான், வட்டியும் உள்ளூர் லேவாதேவிக்காரனைவிடக் குறைச்சல் தான். அவங்க நிலத்துக்கு ஆசைப்பட்டு வரல, காசு திரும்பி வந்தாப் போதும்னு தான் இருந்தாங்க. 1930ல உலகம் பூரா விலை விழுந்துச்சு, நெல்லு விலை பாதிக்கும் கீழ போச்சு, கடன்காரனால கட்ட முடியல, பத்திரம் பேசுச்சு, நிலம் கை மாறுச்சு. முக்கியமான 13 நெல்லு ஜில்லாவுல 1930ல செட்டியார் கையில 6 சதவீத நிலம், 1937ல 25 சதவீதம். ஏழே வருஷம். ஒவ்வொரு பத்திரமும் சட்டப்படி சரி, ஒருத்தரும் திருடல, பல பேருக்கு அந்த நிலத்தை வெச்சு என்ன செய்யறதுன்னே தெரியாது. ஆனா வயலை இழந்த பர்மாக்கார சம்சாரி வரப்புல நின்னு பார்த்தா அவன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?

நல்ல எண்ணம் இருந்துச்சு, சட்டத்தை மீறல, முதல்ல நாங்க தான் நல்லது செஞ்சோம், இந்த மூணும் உண்மையா இருந்தும் ஒரு ஊரோட சாப்பாடு ஒரு சின்னக் கூட்டத்தோட கணக்குப் புஸ்தகத்துக்குள்ள அடைபட்டுப் போச்சு. அந்தக் கோபத்தோட விலையை முப்பதுகள்ல கலவரத்துல அடிபட்ட நம்ம கூலிக்காரங்களும் சேர்ந்து குடுத்தாங்க, அவங்க எந்த நிலத்தையும் எழுதி வாங்கினவங்க இல்ல. 1948ல நிலத்தைத் தேசவுடைமை ஆக்குற சட்டம் வந்துச்சு, எல்லாம் போச்சு. ஆகவே "சட்டப்படி தப்பில்ல, ஜனங்களே கையெழுத்துப் போட்டாங்க"ன்னு பெரிய கம்பெனிக்காரன் சொல்றப்போ எனக்கு அந்தக் கிட்டங்கி தான் ஞாபகத்துக்கு வருது. கையெழுத்துப் போட்டவனுக்குப் போறதுக்கு வேற இடம் இருந்துச்சா, இது தான் நான் கேக்கிற கேள்வி. வேற இடம் இருந்து உன்கிட்ட வந்தான்னா அது வியாபாரம். வேற இடமே இல்லாம உன்கிட்ட வந்தான்னா அவன் மேல உனக்குக் கூடுதலா ஒரு கடமை வந்துடுது, நீ கேட்டு வாங்கினாலும் சரி, தானா வந்து விழுந்தாலும் சரி. ஆத்துக்கு ஒரே தோணின்னா தோணிக்காரன் "உனக்குப் பிடிக்காட்டி ஏறாதே"ன்னு சொல்ல முடியாதுல்ல.

அந்தக் கடமையைச் செய்யாம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு உலகத்துலயே பெரிய சாட்சி இந்த நாடு தான் தம்பி, இதை எழுதுறப்போ எனக்கு மனசு பாரமா தான் இருக்கு.

2014, 2015ல சிம் மலிவாயிடுச்சு, சீனா ஃபோன் வந்துடுச்சு, துவாண்டே, பெகு மாதிரி சுத்துப்பட்டு ஊர்ல இருந்து ஜனம் வந்து வாங்குறாங்க. அவங்களுக்கு இன்டர்நெட்னு ஒண்ணு தனியா இருக்குன்னே தெரியாது. "ஃபேஸ்புக் போட்டுக் குடுங்க"ன்னு தான் கேப்பாங்க. நாங்களே ஒரு மெயில் அக்கவுண்ட் உருவாக்கி, நாங்களே ஃபேஸ்புக் அக்கவுண்ட் திறந்து, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கையில குடுத்து அனுப்புவோம், அதுக்கு ஒரு சின்னக் கூலி. ரங்கூன்ல எல்லா கடையிலயும் இது தான் நடந்துச்சு. 2016ல ஃபேஸ்புக்காரங்க எம்பிடியோட சேர்ந்து ஃப்ரீ பேசிக்ஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, டேட்டா காசு இல்லாம ஃபேஸ்புக்கும் இன்னும் சில சைட்டும் மட்டும் பார்க்கலாம். அதையே இந்தியாவுல அதே வருஷம் பிப்ரவரியில ஃபோன் கம்பெனிங்களைக் கண்காணிக்கிற டிராய் கூடாதுன்னு நிறுத்திடுச்சு. இங்க கேக்க ஆள் இல்ல. 2018 வாக்குல இங்க ஃபேஸ்புக்ல இருந்தவங்க ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் பேர், செய்தி, சந்தை, அரட்டை, அரசாங்க அறிவிப்பு, சாவுச் செய்தி எல்லாம் அதுக்குள்ள தான்.

இப்படி வளர்ந்துக்கிட்டே வந்த கூட்டத்துக்குப் பொறுப்பா, தப்பான பதிவைப் பார்த்து எடுக்கிறதுக்கு, பர்மிய பாஷை தெரிஞ்சவங்க 2015 ஆரம்பத்துல ஃபேஸ்புக்ல எத்தனை பேர் தெரியுமா, ரெண்டு பேர். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018ல எழுதினது இது. அதுக்கு முன்னாடி 2014 ஜூலையில மண்டலேயில ஒரு பொய் வதந்தி ஃபேஸ்புக்ல பரவி கலவரம் ஆகி ரெண்டு உயிர் போயிருந்துச்சு, அதாவது எச்சரிக்கை ஏற்கெனவே வந்தாச்சு. பாஷையிலயும் ஒரு சிக்கல் இருந்துச்சு, இங்க பாதிப் பேருக்கு மேல ஜாவ்ஜின்னு ஒரு எழுத்துரு தான், உலகம் பூரா பொதுவா இருக்கிற யூனிகோட் கிடையாது, மெஷினால அதை ஒழுங்காப் படிக்க முடியாது. அது எந்தக் கம்பெனியோட சதியும் இல்ல, எல்லாரும் அதுல இருக்காங்கன்னு எல்லாரும் அதுலயே இருந்துட்டாங்க, 2019 அக்டோபர்ல தான் நாடே மாறுறதுன்னு முடிவாச்சு. நான் அதை ஒரு சாக்கா ஏத்துக்க மாட்டேன், ஜாவ்ஜி படிக்கத் தெரிஞ்ச பசங்க வேலை இல்லாம இந்த ஊர் டீக்கடை பூரா உக்காந்திருந்தாங்க, கூப்பிட்டிருந்தா நூறு பேர் வந்திருப்பான்.

2017 ஆகஸ்ட்ல இருந்து மேற்குப் பக்கம் ராக்கைன் மாநிலத்துல ரோஹிங்யா முஸ்லிம்கள் 7 லட்சம் பேருக்கு மேல வன்முறைக்குப் பயந்து பங்களாதேஷுக்கு ஓடினாங்க. 2018 மார்ச்ல ஐ.நா. உண்மை அறியும் குழுவோட தலைவர் சமூக வலைத்தளத்துக்கு அதுல தீர்மானமான பங்கு இருந்துச்சுன்னு சொன்னார், அது எங்க நாட்டுல ஃபேஸ்புக்னு தான் அர்த்தம். ஏப்ரல்ல அமெரிக்க செனட்ல கேட்டப்போ சக்கர்பெர்க் பர்மிய மொழி ஆளுங்களை இன்னும் டஜன் கணக்குல எடுக்கிறோம்னார். நவம்பர்ல அவங்களே வெளியாளை வெச்சு ஆராய்ச்சி பண்ணி, தடுக்கிறதுக்குப் போதுமான அளவு நாங்க செய்யலன்னு ஒத்துக்கிட்டாங்க. இதுக்கும் ஏகபோகத்துக்கும் என்ன சம்பந்தம்னு நீ கேப்ப. பத்து பேப்பர்ல ஒரு பேப்பர் பொய் எழுதினா மிச்சம் ஒன்பது இருக்கு, ஜனம் ஒப்பிட்டுப் பார்க்கும். அதுமட்டுமில்ல, பக்கத்துல ஒரு போட்டிக்காரன் இருந்து "எங்க இடத்துல வெறிப்பேச்சு கிடையாது, பர்மிய மொழி தெரிஞ்ச ஆள் நூறு பேர் இருக்காங்க"ன்னு சொல்லியிருந்தா இவன் ரெண்டு பேரோட ஒரு வாரம் தாக்குப்பிடிச்சிருப்பானா? போக வேற இடம் இல்லாத வாடிக்கையாளரை யாரும் அக்கறையா கவனிக்கிறதில்ல, அதுவும் அவனால வர்ற வருமானம் கம்மியா இருந்தா சுத்தமாக் கவனிக்கிறதில்ல. அந்தத் துண்டுச் சீட்டுல பாஸ்வேர்டு எழுதிக் குடுத்தவன்ல நானும் ஒருத்தன், எனக்கும் அதுல பங்கு இருக்குன்னு தான் நினைக்கிறேன்.

அப்புறம் 2021. பிப்ரவரி 1 காலையில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது எல்லாருக்கும் தெரியும், 4ஆம் தேதி ஃபேஸ்புக்கை நிறுத்திட்டாங்க. அரசியல் பேச எனக்கு இஷ்டமில்ல, வியாபாரத்தை மட்டும் சொல்றேன். ஒரே கதவு தான் இருக்குன்னா பூட்டறவனுக்கும் ஒரே பூட்டு போதும். புடவை விக்கிறவங்க, டியூஷன் எடுக்கிறவங்க, வீட்டுல சமைச்சு டிபன் அனுப்புறவங்க, எல்லாருக்கும் ஒரே நாள்ல வாடிக்கையாளர் காணாமப் போயிட்டாங்க. பத்து சின்ன வழி இருந்திருந்தா ஒண்ணு ரெண்டாவது தப்பிச்சிருக்கும். டெலினாரும் 2022ல வித்துட்டுப் போயிட்டாங்க. ஏகபோகம்ங்கிறது கம்பெனியோட லாபக் கணக்கோட முடியுற சமாச்சாரம்னு நினைக்காதே, அதிகாரத்துல இருக்கிறவனுக்கும் அது ரொம்ப வசதி.

மத்த கம்பெனிங்களைப் பத்தி சுருக்கமா. ஆப்பிள் தன் ஆப் ஸ்டோர்ல 30 சதவீதம் வரைக்கும் எடுக்கிறதுல எனக்கு எரிச்சல் சதவீதத்து மேல இல்ல, வாடகைன்னா வாடகை தான், வெளிய மலிவா கிடைக்கும்னு வாடிக்கையாளர்கிட்ட சொல்லக்கூட விடாம வெச்சிருந்தாங்க பாரு, அது தான் தப்பு. அமேசான் விஷயம் நம்ம ஊர் சந்தை குத்தகை மாதிரி. சந்தையை ஏலம் எடுத்தவன் கடைக்காரங்ககிட்ட வாடகை வாங்குறான், சரி, ஆனா எவன் கடையில எது ஓடுதுன்னு தினம் நோட்டம் பார்த்துட்டு அடுத்த மாசம் அதையே அவன் கடைக்கு முன்னாடி தானும் போட்டா? வித்தவனோட கணக்கை வெச்சே வித்தவனை அடிக்கிறதுன்னு தான் ஐரோப்பாவுல விசாரணை நடந்துச்சு, 2022 டிசம்பர்ல விக்கிறவங்களோட ரகசிய விவரத்தைத் தன் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்த மாட்டேன்னு அமேசான் எழுதிக் குடுத்துச்சு. ஐரோப்பாக்காரங்க இப்ப ஒரு படி மேல போய் இந்த மாதிரி பெரிய கம்பெனிங்களை வாசல்காரங்கன்னே பேர் வெச்சு 2024 மார்ச்ல இருந்து தனிச் சட்டத்துல கட்டிப்போட்டிருக்காங்க. வழக்கு நடந்து பத்து வருஷம் கழிச்சு அபராதம் போடுறதைவிட இது மேல், கூகுள் ஷாப்பிங் வழக்குல 2017ல போட்ட 242 கோடி யூரோ அபராதம் 2024ல தான் கடைசியா உறுதியாச்சு, அதுக்குள்ள எத்தனை சின்னக் கம்பெனி செத்துச்சோ.

சரி, உன் ரெண்டாவது கேள்வி. என் மதினி ஊறுகாய், இட்லிப்பொடி, அதிரசம் எல்லாம் வீட்டுல போட்டு ஆன்லைன்ல விக்கிறாங்க, எந்தக் கம்பெனின்னு பேர் வேண்டாம், ஒரு பெரிய இடம் தான். ஆறு வருஷமா சேர்த்த பேஜ். தீபாவளிக்கு ஒம்போது நாள் இருக்கிறப்போ காலையில திறந்தா விதிமீறல்னு ஒரு வரி, பேஜ் இல்ல. என்ன விதின்னு சொல்லல. நானும் அவங்க மகனும் மூணு வாரம் மாத்தி மாத்தி எழுதினோம், ஒவ்வொரு தடவையும் அதே நாலு வரிப் பதில், மனுஷன் எழுதினதா மெஷின் எழுதினதான்னே தெரியல. நாப்பது கிலோ வெல்லம் வாங்கி வெச்சிருந்தாங்க. மதினி அழல, தம்பி, "யார்கிட்ட போய்க் கேக்கிறதுன்னு சொல்லு, நான் நேர்ல போய்க் கேக்கிறேன்"னு மட்டும் சொன்னாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நம்ம தெருவுல கடை வெச்சிருக்கிற சேட்டு கூடக் காலி பண்ணச் சொன்னா ஒரு மாசம் டயம் குடுப்பார், ஏன்னு முகத்தைப் பார்த்துச் சொல்லுவார். என் கணக்குல இந்தப் பெரிய இடங்கள் செய்ய வேண்டியது முதல்ல இது தான், மூடுறதுக்கு முன்னாடி சொல்லு, என்ன தப்புன்னு சொல்லு, கேக்கிறதுக்கு ஒரு ஆளைக் குடு, என் வாடிக்கையாளர் பட்டியலை நான் எடுத்துக்கிட்டு வேற இடத்துக்குப் போக விடு. இதுல எதுவும் அவங்களுக்கு முடியாத காரியம் இல்ல.

நீ பேஜை மூடாதே. மூடினா உனக்குத்தான் நஷ்டம், அவங்களுக்கு ஒரு தூசு கூட இல்ல, கடன் வேற எங்கயும் கிடைக்காதப்போ செட்டியார்கிட்ட போன சம்சாரியைக் குறை சொல்ல முடியாதுல்ல, அது மாதிரி தான். ஆனா இன்னைக்கு ராத்திரியே ஒரு வேலை பண்ணு. இதுவரைக்கும் உன்கிட்ட வாங்கினவங்க பேரு, ஃபோன் நம்பர், எந்தத் தெரு, என்ன வாங்கினாங்க, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுது, கையால எழுது. வைபர்ல ஒரு குரூப், டெலிகிராம்ல ஒரு சேனல், ரெண்டையும் திறந்து வை, ஆளுங்க வராட்டியும் பரவால்ல. பொட்டலத்துல உன் நம்பரை ஒட்டு, கோயில்ல வெள்ளிக்கிழமை பார்க்கிறவங்ககிட்ட வாயால சொல்லு. ஃபோட்டோவை எல்லாம் மாசம் ஒரு தடவை கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சுக்க.

மதினி அப்படித்தான் மறுபடி ஆரம்பிச்சாங்க. அந்தத் தீபாவளிக்கு அவங்களுக்கு ஞாபகம் இருந்த நம்பர் பதினேழு தான், பதினேழு பேருக்கும் ஃபோன் போட்டாங்க, அவங்க சொல்லி இன்னும் கொஞ்சம் பேர், வெல்லத்துல பாதி வீணாகாம தப்பிச்சுச்சு. இப்ப நீலக் கலர் அட்டை போட்ட அந்த நோட்டுல 312 பேர் இருக்காங்க, புது பேஜும் ஒண்ணு இருக்கு, ஆனா ஆர்டர் எடுக்கிறப்போ முதல்ல நோட்டுல எழுதிட்டுத்தான் அவங்க ஃபோனைத் தொடுவாங்க.